மனசு சோர்ந்து கிடக்கும் நாட்களில் என்ன செய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். 2016-இல் அம்மா போனபிறகு எனக்கு மனச்சோர்வு வந்து ஏழெட்டு மாதம் ஆட்டிவைத்தது. மாத்திரை சாப்பிட்டேன், ஆலோசகரிடம் போனேன், கூடவே அன்றாடப் பழக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடித்தேன். தேறிய பிறகு இதை யாரிடமும் மறைக்கவில்லை. அதனாலோ என்னவோ, சக ஆசிரியைகள், பிள்ளைகளின் அம்மாக்கள், சொந்தக்காரர்கள் என்று பலர் தனியாக வந்து கேட்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இந்தக் கேள்விகள். நான் மருத்துவர் இல்லை. பட்டதையும், பிறகு தேடிப் படித்ததையும், என்னைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

வாழவே பிடிக்கவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. இந்த நிலையில் நடை, பழக்கம் என்று பேசி என்ன பிரயோஜனம்?

இப்போதைக்கு அதெல்லாம் வேண்டாம். முதல் வேலை, இதை இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்வது. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்: "எனக்குச் சாகணும்னு தோணுது, என்னைத் தனியா விடாதீங்க." இந்த ஒரு வாக்கியம் போதும். விளக்கம் எதுவும் தர வேண்டியதில்லை.

சொல்ல ஆள் இல்லையென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் அழைக்கலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்கென்றே இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருப்பவர்கள் 1926-க்கு அழைக்கலாம். ஆபத்து நெருக்கமாக இருக்கிறது என்று தோன்றினால் எந்த யோசனையும் வேண்டாம், அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை விட முயன்றவர் கடுமையான மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை.

சாதாரண வருத்தத்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன வித்தியாசம்?

வருத்தத்தில் இருக்கும்போது நடுவில் ஒரு நல்ல சங்கதி வந்தால் முகம் கொஞ்சம் மலரும். பேரப்பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டால் சிரிப்பு வரும். மனச்சோர்வில் அதுவும் வராது. பிள்ளை வந்து கட்டிக்கொண்டதுகூட ஏதோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கிற மாதிரி இருக்கும்.

மருத்துவர்கள் பார்க்கிற கணக்கு இரண்டு வாரம். தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடப்பது, அல்லது முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது. இவற்றில் ஒன்றாவது இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் இவையும் கெட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் வந்தால் அது வெறும் வருத்தமில்லை. ஒன்பதே கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 என்ற படிவத்தைப் பல ஆஸ்பத்திரிகளில் நிரப்பச் சொல்வார்கள். அதுவும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும்.

'மன அழுத்தம்' என்று நாம் பேச்சில் சொல்வது வேலைப் பளு, பணக் கஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்து. மனச்சோர்வு தனி நோய். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் 28 கோடிக்கும் அதிகமான பேருக்கு இது இருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம்.

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. உடம்பு வலி, தலைபாரம், நெஞ்சில் ஏதோ அடைக்கிற மாதிரி. இதுவும் மனச்சோர்வா?

இருக்கலாம். நம் ஊரில் நிறையப் பேருக்கு இது உடம்பு வழியாகத்தான் முதலில் பேசும். "உடம்பே அசதியா இருக்கு", "நெஞ்சு பாரமா இருக்கு", "வாய்க்கு ஒண்ணும் பிடிக்கல" என்று சொல்லிக்கொண்டு ஈசிஜி, ஸ்கேன் என்று அலைந்து, எல்லாம் நார்மல் என்று வந்தபிறகும் வலி நிற்காது. வலி பொய்யில்லை. அது நிஜமாகவே வலிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை இவையும் இதே மாதிரி ஆளைச் சாய்க்கும். ஆகவே மனசுதான் காரணம் என்று முடிவு கட்டும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எனக்கு ஹீமோகுளோபின் 9-க்குப் பக்கம் இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே என்னைத் தேற்றியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றதும் மற்றதற்கெல்லாம் கொஞ்சம் தெம்பு வந்தது.

பழக்கங்களை மாற்றினாலே சரியாகிவிடுமா? டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

லேசான மனச்சோர்வு பழக்கங்களாலும் ஆலோசனையாலும் சரியாக வாய்ப்பு உண்டு. சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாவு நினைப்பு வருகிறது, பிரசவமான சில வாரங்களில் தொடங்கியது, யாரோ காதில் பேசுவது போல இருக்கிறது என்றால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பழக்கங்கள் மருந்துக்குத் துணை நிற்கும். அதன் இடத்தைப் பிடிக்காது.

எதையும் செய்யப் பிடிக்கவில்லை என்பதுதானே நோயே! பிடிக்காமல் எப்படிச் செய்வது?

என்னிடம் யாராவது ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைத்தான் கேட்கச் சொல்வேன்.

நாம் எல்லோரும் நினைப்பது இப்படி: முதலில் மனசு சரியாகட்டும், அப்புறம் எழுந்து வேலையைப் பார்க்கலாம். நானும் மூன்று மாதம் அப்படித்தான் படுத்திருந்தேன். மனச்சோர்வில் அந்த வரிசை தலைகீழ். ஒரு காரியத்தைச் செய்த பிறகுதான் மனசு அரை இஞ்ச் நகரும். நகர்ந்த அந்த அரை இஞ்ச்சை வைத்து அடுத்த காரியம். படுக்கப் படுக்க, சந்தோஷம் தரக்கூடிய எதுவும் நம் பக்கம் வராமல் போகிறது. வராததால் இன்னும் சோர்வு, இன்னும் படுக்கை. இந்தச் சுழலை அறுக்க ஒரே இடம், செயல்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970-களிலேயே இதைச் சொல்லி, இதை வைத்து ஒரு சிகிச்சை முறையை வளர்த்தார். நம் நாட்டிலேயே கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளிகளோடு ஆறு முதல் எட்டு முறை உட்காரவைத்து, சின்னச் சின்னச் செயல்களைத் திட்டமிட்டுச் செய்ய வைத்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களில் கூடுதலான பேர் தேறினார்கள். 2017-இல் லான்செட் இதழில் அந்த முடிவுகள் வெளியாகின.

என் ஆலோசகர் எனக்குக் கொடுத்த முதல் வேலை, காலையில் பின்கட்டுக் கதவைத் திறந்து அங்கே தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவது. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்புகூட வந்தது, இதற்கா நூற்றுக்கணக்கில் பணம் கட்டினோம் என்று. ஆனால் அதற்குள் எத்தனை இருக்கிறது பாருங்கள். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க வேண்டும். பதினான்கு எட்டு நடக்க வேண்டும் (எண்ணியிருக்கிறேன்). துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தூக்கித் திறக்க வேண்டும். திறந்தால் வெயில் முகத்தில் விழும். பக்கத்து வீட்டு அக்கா துணி அலசிக்கொண்டே "எழுந்துட்டியாம்மா?" என்பார். நான் "ம்" என்பேன். சில நாள் அன்றைக்கு நான் பேசுகிற ஒரே வார்த்தை அதுதான். அந்தச் செடி பிழைக்கவில்லை, வேர் அழுகிவிட்டது. ஆனால் ஆறரை மணிக்குக் கதவைத் திறப்பது இன்றைக்கும் நிற்கவில்லை.

சரி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

நீங்கள் நினைப்பதில் பத்தில் ஒரு பங்கிலிருந்து. 'நாளையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் நடக்கிறேன்' என்று முடிவெடுத்து, மூன்றாம் நாள் விட்டு, 'இதுகூட என்னால் முடியவில்லை' என்று இன்னும் நொந்துபோவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். குளிக்க முடியவில்லையா? முகம் மட்டும் கழுவுங்கள். வீட்டைப் பெருக்க முடியவில்லையா? கட்டிலைச் சுற்றி மட்டும் பெருக்குங்கள். வாசலில் எட்டுப் புள்ளிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தவரா நீங்கள்? நாலு புள்ளியில் ஒரு நட்சத்திரம் போதும்.

இரண்டு வகை வேலை கலந்திருக்கட்டும். முடித்தால் 'அப்பாடா' என்று இருப்பது ஒன்று: கரண்ட் பில் கட்டுவது, தலையணை உறை மாற்றுவது. செய்யும்போதே கொஞ்சம் இதமாக இருப்பது இன்னொன்று: பூ கட்டுவது, பழைய பாட்டு கேட்பது, பூனைக்குப் பால் வைப்பது. கடமை மட்டுமே என்றால் மூச்சு முட்டும். இதம் மட்டுமே என்றால் குற்ற உணர்ச்சி பிடுங்கும்.

எப்போது செய்யப்போகிறீர்கள் என்பதை மனசின் விருப்பத்துக்கு விடாமல் கடிகாரத்துக்கு விட்டுவிடுங்கள். "முடிஞ்சா செய்யலாம்" என்பது நடக்காது. "காபி குடித்து டம்ளரைக் கழுவியதும்" என்பது நடக்கும்.

இன்னொன்று, வாத்தியார் புத்தியில் எனக்கு ரொம்ப உதவியது, மார்க் போடுவது. ஒரு நாற்பது பக்க நோட்டு. இடப்பக்கம் செய்த வேலை, வலப்பக்கம் பத்துக்கு எத்தனை நிம்மதி. ஒரு வாரம் எழுதிப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியம். ஓய்வு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சீரியலுக்கு இரண்டுக்கு மேல் ஒரு நாளும் விழவில்லை. ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய்ந்ததற்கு ஐந்து. ஈர்க்கிலிருந்து இலையை உருவி, பழுத்ததை ஒதுக்கி, முறத்தில் சேரச் சேர, இருபது நிமிஷம் போனதே தெரியவில்லை. அந்த இருபது நிமிஷம் அம்மாவின் கடைசி வாரம் ஒரு தரம்கூட மனசுக்குள் ஓடவில்லை. அடுத்த வாரம் கீரைக்காரம்மாவை நிறுத்தி இரண்டு கட்டு வாங்கினேன்.

உங்களுக்குக் கீரை ஒத்துவராமல் போகலாம். சைக்கிள் துடைப்பதோ, கேரம் ஆடுவதோ ஐந்து வாங்கலாம். நோட்டு எழுதினால்தான் அது தெரியும், ஏனென்றால் மனச்சோர்வில் ஞாபகம் நம்மை ஏமாற்றும், நல்லதாகப் போன பத்து நிமிஷத்தை அது பதிந்து வைப்பதே இல்லை.

நடைப்பயிற்சி நிஜமாகவே உதவுமா? எவ்வளவு நடக்க வேண்டும்?

உதவும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயதைத் தாண்டிய 156 மனச்சோர்வு நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து, முடிவை 1999-இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மாத்திரை, ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி, ஒரு பிரிவினருக்கு இரண்டும். பயிற்சி என்றால் வாரம் மூன்று நாள், சுமார் அரை மணி நேரம் வேகநடையோ மெல்லோட்டமோ. முதல் சில வாரங்களில் மாத்திரை சாப்பிட்டவர்கள் சீக்கிரம் தேறத் தொடங்கினார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள்.

எல்லோருக்கும் பொதுவாக உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம். சோர்ந்து கிடப்பவருக்கு இந்த எண்ணைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். தெருமுனை வரை போய்த் திரும்புங்கள், அதுதான் முதல் வாரம். பால் பாக்கெட்டை வீட்டுக்கு வரவழைக்காமல் நீங்களே போய் வாங்குங்கள். காலை ஆறு, ஏழு மணி வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்தைத் திருத்தி ராத்தூக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவரும். துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது, அவர் வாசலில் நிற்கும்போது போகாமல் இருக்க முடியாது.

ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கமே இல்லை.

விடியுமுன் விழிப்பு தட்டுவது மனச்சோர்வின் பழகிய அடையாளம். பலருக்குக் காலைப்பொழுதுதான் ரொம்ப மோசமாக இருக்கும், சாயங்காலம் கொஞ்சம் தெளியும். அதனால் மூன்று மணிக்கு வருகிற எந்த முடிவையும் முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலையை விடுவதா, வீட்டை விற்பதா, எல்லாம் பகல் பதினொரு மணிக்கு மேல் யோசிக்கிற விஷயங்கள்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். பகல் தூக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். காபி, டீ மதியம் இரண்டு மணியோடு நிற்கட்டும். அதில் இருக்கும் காஃபீனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். படுத்து இருபது நிமிஷமாகியும் தூக்கம் வரவில்லை என்றால் புரண்டுகொண்டிராமல் எழுந்து வேறிடத்தில், மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுத்தால் போதும். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள், பார்க்கப் பார்க்கப் பதற்றம்தான் கூடும்.

சாப்பாட்டால் மனசு மாறுமா?

ஓரளவுக்கு மாறும். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற ஆய்வாளரின் குழு 67 பேரை வைத்து 12 வாரம் பார்த்தது. அவர்களில் ஒரு பாதிக்குக் காய்கறி, பழம், பருப்பு, மீன், கொட்டைகள் நிறைந்த சாப்பாடு. மறு பாதிக்கு அதே அளவு நேரம் பேச்சுத் துணை. சாப்பாடு மாறியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேர் முழுமையாகத் தேறினார்கள். மற்றவர்களில் அது நூற்றுக்கு எட்டுப் பேர்தான். 2017-இல் வந்த சின்ன ஆய்வு இது, இதை வைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

நம் சமையலில் இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுண்டல், கீரை, கேழ்வரகு, மத்தி மீன், நிலக்கடலை போதும். சுத்த சைவமாக இருப்பவர்கள் பி12-ஐப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அந்தச் சத்து மிருகத்திலிருந்து வருகிற உணவில்தான் இருக்கிறது. பாலிலும் தயிரிலும் கொஞ்சம் கிடைக்கும்.

சமைக்கவே தெம்பில்லாத நாளுக்கு என்று ஒரு ஏற்பாடு வையுங்கள். என் வீட்டில் அது சத்துமாவுக் கஞ்சி, இரண்டு வாழைப்பழம், ஒரு டப்பா பொட்டுக்கடலை. பசியே எடுக்காது என்றாலும் மணி அடித்ததும் நாலு வாய்.

ஒரே நினைப்பு செக்குமாடு மாதிரி சுற்றுகிறது. எப்படி நிறுத்துவது?

நிறுத்த முயன்றால் இன்னும் வேகமாகச் சுற்றும். நினைப்போடு மல்லுக்கட்டாமல் கையை ஒரு வேலையில் வைப்பதுதான் எனக்குப் பலித்தது. விரலும் கண்ணும் சேர்ந்து ஈடுபடுகிற வேலையாக இருக்க வேண்டும், வெறுமனே டிவி முன்னால் உட்கார்ந்தால் நினைப்பு அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இன்னொரு வழி, கேள்வியை மாற்றுவது. 'எனக்கு மட்டும் ஏன் இப்படி?' என்ற கேள்விக்கு விடை கிடையாது, அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 'இப்போதிலிருந்து மத்தியானம் வரை என்ன செய்வேன்?' என்ற கேள்விக்கு விடை உண்டு. 'ஏன்' வரும்போதெல்லாம் அதை 'அடுத்து என்ன' என்று திருப்புங்கள்.

ஜிம்பாப்வேயில் மனச்சோர்வைக் குறிக்க ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்கிறார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். நம் பாட்டிமார்கள் "ரொம்ப யோசிச்சு யோசிச்சு உடம்பக் கெடுத்துக்கிட்டா" என்பார்களே, அதேதான். அங்கே டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் ஹராரே நகரத்துப் பாட்டிமார்களுக்கே பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் மர பெஞ்சு போட்டு உட்கார வைத்தார். வருகிறவர் தன் பிரச்சினைகளைச் சொல்வார். பாட்டி முழுக்கக் கேட்டுவிட்டு, அதில் ஒன்றே ஒன்றை எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே யோசிக்க வைப்பார். ஆராய்ச்சி வைத்துப் பார்த்ததில் அதனால் பலர் தேறியது தெரியவந்தது. நம் தெருத் திண்ணைகளை இடித்துவிட்டோமே என்று இதைப் படித்தபோது எனக்கு மனசு வலித்தது.

போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போகிறது. அதில் என்ன தப்பு?

நோட்டில் மார்க் போட்டுப் பாருங்கள். ஐந்து விழுந்தால் பாருங்கள். கட்டிலுக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், சார்ஜரை அடுத்த அறையில் சொருகுங்கள்.

கொஞ்சம் குடித்தால் மனசு லேசாகிறதே?

அன்றைக்கு ராத்திரி மட்டும். மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள், பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுக்கும், மறுநாள் சோர்வை இரட்டிப்பாக்கும். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஆபத்தும் கூட. குடியை நிறுத்த முடியாமல் இருப்பது தனியாகச் சிகிச்சை எடுக்க வேண்டிய விஷயம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் நிறையக் குடிப்பவர்கள் திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து.

கோயில், பிரார்த்தனை இவற்றால் பலன் உண்டா?

நிம்மதி தருகிறது என்றால் தாராளமாகப் போங்கள். எழுந்து, குளித்து, வெளியே நடந்து, நாலு பேரைப் பார்த்து வருவதே பெரிய காரியம். ஆனால் 'போன ஜென்மத்துப் பாவம்', 'செய்வினை' என்று சொல்லி நோயாளியின் தலையில் குற்றத்தை ஏற்றுகிற இடம் வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் வெந்து இறந்ததை நம் தலைமுறை மறக்கக் கூடாது.

பக்தியும் மருந்தும் சேர்ந்தே போகலாம். எங்கள் திருச்சிக்குப் பக்கத்தில் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனம் நோய்ப்பட்டவர்களைக் கூட்டிவந்து ஒரு மண்டலம் தங்க வைப்பது வெகுகால வழக்கம். இன்றைக்கு அங்கே கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தீர்த்தமும் உண்டு, மாத்திரையும் உண்டு.

வீட்டில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. நாங்கள் என்ன பேச வேண்டும்?

சொல்லக் கூடாததை முதலில் சொல்கிறேன். "உனக்கென்ன குறை?" "நாங்கல்லாம் படாத கஷ்டமா?" "மனசைத் தைரியமா வெச்சுக்க." இவை எல்லாம் அன்பில் வருகிற வார்த்தைகள்தான். ஆனால் கேட்கிறவருக்கு 'இதுகூட உன்னால் முடியவில்லையா' என்றுதான் விழும். கால் ஒடிந்தவரிடம் "தைரியமா நட" என்று யாரும் சொல்வதில்லை.

எனக்கு ரொம்ப உதவியவர் என் நாத்தனார். சாயங்காலம் ஐந்தரைக்கு வருவார். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே மாட்டார். கொடியில் காய்ந்த துணியை அள்ளிவந்து கட்டிலில் கொட்டி, "அண்ணி, நான் வேட்டி, புடவை மடிக்கிறேன், நீங்க கர்சீப் மட்டும் மடிங்க" என்பார். ஆறேழு கர்சீப்தான் இருக்கும். மடித்து அடுக்குவேன். அவர் தன் பாட்டுக்கு ஆபீஸ் கதை சொல்லிக்கொண்டிருப்பார், நான் பதில் பேசாவிட்டாலும் கோபப்பட மாட்டார். சில வாரம் கழித்து ஒருநாள் நானே ஒரு புடவையின் மறுமுனையைப் பிடித்தேன். அவர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, முனையோடு முனை சேர்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

அப்படித்தான் இருக்க வேண்டும். கூட உட்காருங்கள். வேலையைப் பாதியாக வெட்டிக் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்று சொல்லாதீர்கள், அவரால் கேட்க முடியாது. "நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி, நான் ஆட்டோ கூட்டிட்டு வரேன்" என்று சொல்லுங்கள். சாவு எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்களே என்று பாரம் இறங்கும். "ஆமாம்" என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் கூடுதல் மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள்.

கவனித்துக்கொள்பவரும் களைப்பார். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது இன்னொருவர் முறை எடுக்கட்டும்.

மாத்திரை அடிமையாக்கிவிடும் என்கிறார்களே?

இரண்டு வேறு மாத்திரைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகிற பயம் இது. மனச்சோர்வுக்கு இன்று வழக்கமாகக் கொடுக்கும் செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம், ஃப்ளுவாக்ஸெடின் போன்றவை குடிப்பழக்கம் போல அடிமைப்படுத்துபவை அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், முதல் வாரம் குமட்டல், தலைவலி மட்டும் தெரியும். பாதிப் பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள் என்று என் டாக்டர் வருத்தப்பட்டார். தேறியபிறகும் பொதுவாக ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடரச் சொல்வார்கள். திடீரென்று நிறுத்தினால் கிறுகிறுப்பு, எரிச்சல் எல்லாம் வரும், டாக்டர் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இளவயதுக்காரர்கள் தொடங்கும்போது முதல் சில வாரம் வீட்டார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அல்ப்ரஸோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள் வேறு. அவை நாளாக ஆகப் பழகிப்போய் விட முடியாமல் செய்யும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி நீங்களாகத் தொடராதீர்கள்.

முன்பு எப்போதாவது இதற்கு நேர்மாறாக, தூக்கமே வேண்டாத அளவுக்கு உற்சாகம், கைக்கு மீறிய செலவு என்று சில நாட்கள் இருந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அதற்கு மருந்து வேறு.

எங்கே போவது? நிறைய செலவாகுமா?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டும் மாத்திரையும் இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794-இல் தொடங்கியது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேலி செய்தே பலரை டாக்டரிடம் போக விடாமல் செய்துவிட்டோம். மனநலப் பிரிவில் காத்திருந்தபோது என் பக்கத்தில் ஒரு கண்டக்டரும், கல்லூரிப் பெண்ணும், கைக்குழந்தையோடு ஒரு தாயும் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண மண்டப வாசலில் பார்க்கிற அதே முகங்கள்தான்.

போகும்போது எத்தனை நாளாக, தூக்கம் எப்படி, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் வார்த்தை வராது.

சரியானபிறகு மறுபடி வருமா?

வரலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. அதனால் நன்றாக இருக்கும்போதே உங்கள் முன்னறிகுறிகளை எழுதி வையுங்கள். என்னுடையவை மூன்று: போன் அடித்தால் எடுக்கப் பிடிக்காது, தலை வாராமல் கொண்டை போட்டுக்கொள்வேன், கதவைத் திறக்கிற நேரம் ஆறரையிலிருந்து எட்டரைக்குப் போய்விடும். இதைச் சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அதைச் சுட்டிக்காட்ட என் வீட்டுக்காரருக்கு உரிமை கொடுத்திருக்கிறேன், அவர் காட்டினால் நான் கோபப்படக் கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு.

2021 ஜூனில், கொரோனா இரண்டாம் அலையில் பள்ளி மூடிக்கிடந்தபோது ஒருநாள் அவர் காபி கொடுத்துவிட்டு அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். மூன்றும் பொருந்தியிருந்தது. அன்றைக்கு மத்தியானமே டாக்டருக்குப் போன் செய்தேன்.